அட்டை சொல்வது என்ன?

விளையாட்டு என்றால் விதி இருக்கும். விதி இருந்தால் வழக்கும் இருக்கும். தாயம் ஆடும் வீடுகளில் இதனை நன்கு காணலாம். ஒரு வீட்டில் தாயம் விழுந்தால்தான் காயை இறக்கலாம் என்பர். அடுத்த வீட்டில் ஐந்து விழுந்தாலும் இறக்கலாம் என்பர். பல்லாங்குழியிலும் அதனை ஒத்த சொங்காக் விளையாட்டிலும் இத்தகைய வேறுபாடுகள் உண்டு. ஆயினும், இவ்விளையாட்டுகளின் விதிகள் மிகச் சிலவே. ஐயம் எழுந்தால் வீட்டிலுள்ள பாட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆட்டம் தொடரும்.

பரிமாற்ற அட்டை விளையாட்டுகள் அப்படிப்பட்டவை அல்ல. ஆட்டக்காரர்கள் அட்டைகளைச் சேகரித்து, ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு, தாமே ஓர் அட்டைக்கட்டை அமைத்து ஆடும் விளையாட்டுகள் இவை. மேஜிக் தி கேதரிங், போக்கிமான், யு-கி-ஓ ஆகியவை இவ்வகையில் புகழ்பெற்றவை. இவற்றில் ஒவ்வோர் அட்டையும் தனக்கென ஒரு விதியைச் சுமந்து வருகிறது. ஓர் அட்டை, 'எதிராளியின் உயிர்ப்புள்ளியைக் குறை' என்கிறது. இன்னோர் அட்டை, 'உயிர்ப்புள்ளி குறைய முடியாது' என்கிறது. இவ்விரண்டும் ஒரே மேசையில் சந்திக்கும்போது எது செல்லும்? இதற்கு விடை காண வேண்டுமானால் அட்டையில் எழுதப்பட்டுள்ள வாக்கியத்தைச் சரியாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி மேஜிக் தி கேதரிங். ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கக் கணிதவியலாளர் இதனை உருவாக்கினார். 1993ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் பதிப்பில் 295 வகை அட்டைகள் இருந்தன. இன்று அவற்றின் எண்ணிக்கை 20,000ஐயும் கடந்துவிட்டது. எந்த இரண்டு அட்டைகள் ஒரே ஆட்டத்தில் சந்திக்கும் என்று யாராலும் முன்கூட்டியே கணித்துவிட முடியாது. எனவேதான், இந்த விளையாட்டின் முழு விதிநூல் இன்று 250 பக்கங்களுக்கும் மேல் நீண்டிருக்கிறது. சட்டநூலைப் போலவே அதில் ஒவ்வொரு விதிக்கும் ஓர் எண் உண்டு. அதன் எட்டாம் பகுதி, பலர் சேர்ந்து ஆடும் ஆட்டங்களுக்கெனவே ஒதுக்கப்பட்டுள்ளது.

ஜொகூர் பாருவில் நான்கு மாணவர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து இதனை ஆடுவதாகக் கற்பனை செய்துகொள்க. ஒருவர் வீட்டில் தமிழ் பேசுபவர். மற்றொருவர் மலாய் பேசுபவர். மூன்றாமவர் மாண்டரின் பேசுபவர். நான்காமவர் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் உறவினர். அட்டைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலும் ஒன்றிரண்டு ஜப்பானிய மொழியிலும் இருக்கின்றன. ஓர் அட்டையின் பொருளில் ஐயம் எழுகிறது. அப்போது என்ன நடக்கும்? பெரும்பாலும் உரக்கப் பேசுபவரின் கருத்தே வெல்லும். ஆங்கிலத்தில் தடுமாறுபவரும் வயதில் இளையவரும் தமக்கு நியாயம் தெரிந்திருந்தும் வாய்மூடி இருந்துவிடுவர். அடுத்த வாரம் அவர்கள் ஆட வரமாட்டார்கள். ஐயத்தைத் தீர்ப்பதற்கு எல்லாருக்கும் பொதுவான ஒரு முறை வேண்டும் என்பதற்கு இதுவே முதன்மையான காரணம். குரல் உயராதவரையும் காப்பதற்காகத்தான் விதி எழுதி வைக்கப்படுகிறது.

அட்டை வாசகம் எவ்வாறு மயக்கம் தரும் என்பதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. மேஜிக் விளையாட்டு வெளிவருவதற்கு முன்னர், கார்ஃபீல்டு தம் நண்பர்களிடம் அட்டைகளைக் கொடுத்து ஆடிப் பார்க்கச் செய்தார். அவர்களுள் ஒருவர், அடுத்த முறையிலேயே தமக்கு வெற்றியை உறுதி செய்யும் அட்டை ஒன்று தம்மிடம் இருப்பதாகக் கூறினார். அப்படி ஓர் அட்டையைத் தாம் உருவாக்கவே இல்லையே என்று கார்ஃபீல்டு வியந்தார். அட்டையை வாங்கிப் பார்த்தபோதுதான் செய்தி விளங்கிற்று. எதிராளி தம் அடுத்த ஆட்ட முறையை இழந்துவிடுவார், அதாவது ஒரு முறை ஆடாமல் இருக்க வேண்டும் என்பதே கார்ஃபீல்டு எண்ணிய பொருள். ஆனால், அவர் பயன்படுத்திய 'லூஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இழத்தல், தோற்றல் ஆகிய இரண்டு பொருளும் உண்டு. நண்பரோ, எதிராளி அடுத்த முறையில் தோற்றுவிடுவார் என்று பொருள் கொண்டார். எழுதியவர் மனத்தில் ஒரு பொருள். படித்தவர் மனத்தில் வேறொரு பொருள்!

இதே கருத்தைத் தமிழில் எழுதினால் இந்த மயக்கம் ஏற்படாது. 'எதிராளி அடுத்த முறையை இழப்பார்' என்பதில் 'ஐ' என்னும் இரண்டாம் வேற்றுமை உருபு வருகிறது. 'எதிராளி அடுத்த முறையில் தோற்பார்' என்பதில் 'இல்' என்னும் உருபு வருகிறது, வினைச்சொல்லும் மாறிவிடுகிறது. ஓர் உருபு பொருளை எவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது என்பதை இங்கு உணரலாம். எனினும், தமிழிலும் வேறு வகை மயக்கங்கள் உண்டு. 'கண்ணனும் மாறனும் தன் அட்டையைக் கொடுக்க வேண்டும்' என்று எழுதினால், யாருடைய அட்டை என்ற ஐயம் எழும். பவணந்தி முனிவர் தம் நன்னூலில், ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பட்டியலிடுகிறார். சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்லும் குன்றக் கூறல், முன்னுக்குப்பின் முரணாகச் சொல்லும் மாறுகொளக் கூறல், பொருள் இதுவா அதுவா என்று தடுமாறச் செய்யும் மயங்க வைத்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். அட்டை விளையாட்டில் எழும் வழக்குகளில் பெரும்பாலானவற்றை இந்த மூன்று குற்றங்களுள் ஒன்றில் அடக்கிவிடலாம்.

கார்ஃபீல்டின் அட்டை பிறகு திருத்தி எழுதப்பட்டது. 'இந்த முறைக்குப் பின் இன்னொரு முறை ஆடுக' என்பது அதன் புதிய கருத்து. இருவர் ஆடும்போது இரண்டு வாசகங்களின் விளைவும் ஒன்றுதான். ஆனால், நால்வர் ஆடும்போது பழைய வாசகம் மீண்டும் சிக்கலைத் தரும். மூன்று எதிராளிகளுள் யார் தம் முறையை இழப்பது? புதிய வாசகத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

இனி, ஐயங்களைத் தீர்க்கும் அடிப்படை விதிகளைக் காண்போர்க்கு முதலில் தென்படுவது மேஜிக் ஆட்டக்காரர்கள் 'பொன்விதி' என்று போற்றும் விதியாகும். அட்டையின் வாசகமும் பொது விதியும் முரண்பட்டால், அட்டையின் வாசகமே செல்லும் என்பதே அது. எடுத்துக்காட்டாக, ஆட்டக்காரர் தம் முறையின் முடிவில் ஏழு அட்டைகளுக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது என்பது பொது விதி. 'உன் கையிருப்புக்கு எல்லை இல்லை' என்னும் பொருள்படும் அட்டையை வைத்திருப்பவருக்கு அந்த எல்லை பொருந்தாது. தமிழ் இலக்கணம் கற்போருக்கு இது புதிதன்று. எண்ணுப்பெயர்களுக்குப் பின் வல்லினம் மிகாது என்பது பொது விதி. ஆகவே, ஐந்து படங்கள், ஆறு கதைகள் என எழுதுகிறோம். எட்டு, பத்து ஆகியவற்றுக்குப் பின் வல்லினம் மிகும் என்பது சிறப்பு விதி. ஆகவே, எட்டுத்தொகை, பத்துப்பாட்டு என எழுதுகிறோம். சிறப்பு விதி வந்த இடத்தில் பொது விதி விலகி நிற்கும். அட்டை என்பது சிறப்பு விதி. விதிநூல் என்பது பொது விதி.

இரண்டு அட்டைகளே தமக்குள் முரண்பட்டால் என்ன செய்வது? அதற்கு இரண்டாம் விதி உதவுகிறது. ஒன்று 'செய்யலாம்' என்றும் மற்றொன்று 'செய்ய முடியாது' என்றும் கூறினால், 'முடியாது' என்பதே செல்லும். எந்த அட்டை முதலில் வந்தது, எந்த அட்டையின் விலை அதிகம் என்பவை கணக்கில் கொள்ளப்படுவதில்லை. மூன்றாம் விதி, செய்ய இயலாததைப் பற்றியது. ஓர் அட்டை இரண்டு செயல்களைச் செய்யச் சொல்லி, அவற்றுள் ஒன்று இயலாமற்போனால், இயலாத பகுதியை மட்டும் விட்டுவிட்டு எஞ்சியதைச் செய்ய வேண்டும். ஒரு பகுதி இயலவில்லை என்பதற்காக முழு அட்டையும் வீணாகிவிடாது.

இருவர் ஆடும் ஆட்டத்தில் இம்மூன்று விதிகளே பெரும்பாலான ஐயங்களைத் தீர்த்துவிடும். பலர் ஆடும்போது மேலும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. அவை 'யார்?' என்பதும் 'யார் முதலில்?' என்பதுமாகும்.

'யார்?' என்னும் கேள்விக்குப் பிளாக் வைஸ் என்னும் அட்டை நல்ல சான்று. 1993ஆம் ஆண்டுப் பதிப்பில், எதிராளியின் கையில் நான்கு அட்டைகளுக்கு மேல் இருந்தால், மிகுந்துள்ள ஒவ்வோர் அட்டைக்கும் அவர் ஓர் உயிர்ப்புள்ளியை இழக்கும் வகையில் அதன் வாசகம் அமைந்திருந்தது. எதிராளி ஒருவரே என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட வாசகம் அது. நால்வர் ஆடும் மேசையில் எதிராளிகள் மூவர். அட்டை மூவரையும் தாக்குமா, ஒருவரை மட்டும் தாக்குமா, அந்த ஒருவரை யார் தேர்ந்தெடுப்பது என்ற ஐயங்கள் எழுந்தன. பின்னர், அதன் அதிகாரப்பூர்வ வாசகம் மாற்றப்பட்டது. அட்டையை மேசைக்குக் கொண்டுவரும்போதே எதிராளிகளுள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அட்டை அவரை மட்டுமே பாதிக்கும். குன்றக் கூறல் என்னும் குற்றம் ஒரே ஒரு தொடரால் நீங்கிற்று. இன்றைய அட்டைகளில் 'எதிராளி ஒருவர்', 'எதிராளிகள் ஒவ்வொருவரும்', 'ஆட்டக்காரர் ஒவ்வொருவரும்' என்னும் தொடர்கள் தனித்தனியே ஆளப்படுகின்றன. முன்னதில் ஒருவர் மட்டும் அடங்குவார். நடுவிலுள்ளதில் மூவரும் அடங்குவர். கடைசித் தொடரில் அட்டையை ஆடியவரும் சேர்ந்து அடங்குவார். அவசரத்தில் படிப்போர் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

'யார் முதலில்?' என்பது அடுத்த கேள்வி. 'ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் தம் படைவீரர்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பலியிட வேண்டும்' என்று ஓர் அட்டை கூறுவதாகக் கொள்க. மற்றவர் எதனைத் தேர்ந்தெடுக்கிறார் என்று பார்த்த பிறகு தேர்ந்தெடுப்பது சாதகமானது. எனவே, எல்லாரும் கடைசியாகத் தேர்ந்தெடுக்கவே விரும்புவர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஆட்டம் நின்றுவிடும். இதற்கான விதி தெளிவானது. யாருடைய முறை நடக்கிறதோ அவர் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு, ஆட்ட வரிசைப்படி மற்றவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். அனைவரும் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு, பலியிடுதல் ஒரே நேரத்தில் நிகழும். கையில் மறைந்துள்ள அட்டைகளைத் தேர்ந்தெடுக்கும்போது, அவற்றைக் கவிழ்த்து வைத்து இறுதியில் ஒன்றாகத் திறக்கலாம். முறை சுற்றி வருவதால், இன்று முதலில் தேர்ந்தெடுக்க நேர்ந்தவருக்குச் சற்று நேரத்தில் கடைசியாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் வரும். விதியின் நடுநிலைமை அதில்தான் இருக்கிறது.

ஒருவர் அட்டையை ஆடும்போது மற்றவர் குறுக்கிட்டு மறுமொழியாக அட்டை ஆடுவதும் உண்டு. நால்வரும் ஒருவர்பின் ஒருவராகக் குறுக்கிட்டால் குழப்பம் மிகும். 1999ஆம் ஆண்டில் வெளிவந்த ஆறாம் பதிப்பில் மேஜிக் விளையாட்டு இதற்கு 'அடுக்கு' என்னும் முறையைக் கொண்டுவந்தது. கழுவிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், கடைசியாக வைத்த தட்டைத்தான் முதலில் எடுக்க முடியும். அவ்வாறே, கடைசியாக ஆடிய அட்டை முதலில் செயற்படும். முதலில் ஆடிய அட்டை இறுதியில் செயற்படும். இந்த ஒரு விதி வந்த பிறகு, 'நான்தான் முந்திக்கொண்டேன்' என்னும் கூச்சலுக்குப் பொருளில்லாமற் போயிற்று. கை வேகத்திற்கு இங்கு மதிப்பில்லை, வரிசைக்குத்தான் மதிப்பு.

வரிசையை அட்டையே சொல்லிவிடுவதும் உண்டு. மலேசிய ஆட்டக்காரரான டெர்ரி சோ, 2005ஆம் ஆண்டு மேஜிக் அழைப்புப் போட்டியில் வெற்றி பெற்றார். அவ்வெற்றிக்குப் பரிசாக அவரது உருவத்தைத் தாங்கிய அட்டை ஒன்று 2006ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ராக்டோஸ் ஆகர்மேஜ் என்னும் அந்த அட்டையை வைத்திருப்பவர், முதலில் தம் கையிலுள்ள அட்டைகளைக் காட்டி, எதிராளி தேர்ந்தெடுக்கும் ஓர் அட்டையைக் கைவிட வேண்டும். 'பிறகு' எதிராளி தம் அட்டைகளைக் காட்டி, இவர் தேர்ந்தெடுக்கும் ஓர் அட்டையைக் கைவிட வேண்டும். 'பிறகு' என்னும் அந்த ஒரு சொல்லை நீக்கிவிட்டால், இருவருள் யார் முதலில் இழப்பது என்று பெரும் வழக்கே எழும்.

பலர் ஆடும் ஆட்டத்தில், தோற்றவர் மற்றவர்களுக்கு முன்பே வெளியேறிவிடுவார். அப்போது அவருக்கு உரிமையான அட்டைகள் அனைத்தும் அவருடனேயே ஆட்டத்தைவிட்டு நீங்கும். அவற்றுள் ஒன்றை வேறோர் ஆட்டக்காரர் தம் வசப்படுத்தி வைத்திருந்தாலும் அதுவும் நீங்கிவிடும். இந்த விதி ஐயத்தைத் தீர்ப்பதோடு, ஒருவருடைய சொந்த அட்டை இன்னொருவர் கட்டில் கலந்துவிடாமலும் காக்கிறது. எஞ்சியிருப்போர் அனைவரும் ஒரே நேரத்தில் தோற்றால், ஆட்டம் சமநிலையில் முடிந்ததாகக் கொள்ளப்படும்.

பல மொழிகள் வழங்கும் ஜொகூர் போன்ற மாநிலத்தில் இன்னொரு கேள்வியும் எழும். ஒரே அட்டை ஜப்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் சற்று வேறுபட்டு அமைந்தால் எதனை நம்புவது? பழைய பதிப்பும் புதிய பதிப்பும் வேறுபட்டால் எதனை ஏற்பது? மேஜிக் விளையாட்டில், எல்லா அட்டைகளுக்கும் அதிகாரப்பூர்வ வாசகத் தொகுப்பு ஒன்று இணையத்தில் பேணப்படுகிறது. கையிலுள்ள அட்டை எந்த ஆண்டில், எந்த மொழியில் அச்சிடப்பட்டிருந்தாலும் அத்தொகுப்பின் வாசகமே செல்லும். கைப்பேசியில் ஒரு நிமிடம் தேடினால் வழக்கு முடிந்துவிடும்.

யு-கி-ஓ விளையாட்டு வேறொரு வழியைக் கையாண்டது. 2011ஆம் ஆண்டு முதல் அதன் ஆங்கில அட்டைகளில் நிறுத்தக்குறிகளே விதியைச் சொல்லத் தொடங்கின. முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது, அட்டையை எப்போது பயன்படுத்தலாம் என்னும் நிபந்தனை. அரைப்புள்ளிக்கு முன்னால் இருப்பது, அட்டையைப் பயன்படுத்தும் கணத்திலேயே செலுத்த வேண்டிய விலை அல்லது செய்ய வேண்டிய தேர்வு. அரைப்புள்ளிக்குப் பின்னால் இருப்பது, அதன்பின் நிகழும் பயன். எதிராளி அட்டையின் பயனைத் தடுத்துவிட்டாலும், செலுத்திய விலை திரும்பி வராது. நிறுத்தக்குறிகளைப் பொருட்படுத்தாமல் படிப்பவர் இங்கு ஆட்டத்தையே இழக்கக்கூடும்.

இத்தனை விதிகள் இருந்தும் தீராத ஐயங்கள் எழுவதுண்டு. போட்டிகளில் அத்தகைய நேரத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கையை உயர்த்தி நடுவரை அழைக்க வேண்டும். நடுவரை அழைப்பது எதிராளியின் மீது குற்றம் சாட்டுவதாகாது. நடுவரின் முடிவில் உடன்பாடு இல்லாவிட்டால் தலைமை நடுவரிடம் முறையிடலாம். அவர் கூறுவதே இறுதி. நண்பர்கள் கூடி ஆடும் இடத்தில் நடுவர் இருக்கமாட்டார். அங்கு முதலில் அட்டையை உரக்கப் படிக்க வேண்டும். 'அட்டையைப் படித்தாலே அட்டை விளங்கும்' என்பது ஆட்டக்காரர்களிடையே வழங்கும் கூற்று. அதனாலும் தெளியாவிட்டால் அதிகாரப்பூர்வ வாசகத்தைத் தேட வேண்டும். அடுத்து, பொன்விதி முதலியவற்றைப் பொருத்திப் பார்க்க வேண்டும். அப்போதும் முடிவு எட்டப்படாவிட்டால், அந்த ஓர் ஆட்டத்திற்கு மட்டும் நால்வரும் ஒத்துக்கொள்ளும் முடிவை எடுத்துவிட்டு, ஆட்டம் முடிந்த பிறகு உண்மையைக் கண்டறியலாம். வீட்டு விதிகளை வகுத்துக்கொள்வதிலும் தவறில்லை. ஆனால், அவற்றை அட்டை கலைப்பதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். தோற்கும் நிலை வந்த பிறகு கேட்கப்படும் விதிமாற்றத்தை யாரும் நடுநிலையானது என்று ஏற்கமாட்டார்கள்.

அட்டை மேசையில் எழும் இக்கேள்விகள் நாட்டின் சட்டத்திலும் எழுகின்றன. மலாய் மாநிலங்களுள் முதன்முதலில் எழுத்து வடிவில் அரசியல் சாசனத்தைப் பெற்றது ஜொகூர் ஆகும். 1895ஆம் ஆண்டில் சுல்தான் அபு பாக்கார் அதனை நிறுவினார். எழுதி வைத்த சட்டத்தையும் ஒருவர் படித்துப் பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்காகவே மலேசியாவில் 1948, 1967 ஆகிய ஆண்டுகளின் பொருள்விளக்கச் சட்டங்கள் உள்ளன. ஒரு சட்டப் பிரிவுக்கு இரண்டு விதமாகப் பொருள் கொள்ள முடியுமானால், அச்சட்டத்தின் நோக்கத்தை நிறைவேற்றும் பொருளையே ஏற்க வேண்டும் என்று அவற்றின் 17ஏ பிரிவு கூறுகிறது.

இங்கு நீதிமன்றத்துக்கும் அட்டை மேசைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நீதிபதி சட்டத்தின் நோக்கத்தையும் ஆராய்கிறார். ஆட்டக்காரரோ அட்டையை உருவாக்கியவரின் மனத்தை ஊகிக்க முயலக் கூடாது; எழுதப்பட்டிருப்பதையே பின்பற்ற வேண்டும். ஏனெனில், ஊகத்திற்கு இடமளித்தால் ஒவ்வொருவரும் தமக்குச் சாதகமான நோக்கத்தையே கண்டுபிடிப்பர். வாசகம் தவறான விளைவைத் தந்தால், அதனைத் திருத்தும் பொறுப்பு விளையாட்டை வெளியிடுவோருக்கு உரியது. அதுவரை, வென்றாலும் தோற்றாலும் நால்வருக்கும் ஒரே வாசகம்தான்.

ஒரு சொல்லின் இரு பொருளால் ஓர் ஆட்டம் மாறுகிறது. ஒரு புள்ளியால் ஒரு விலை வீணாகிறது. 'பிறகு' என்னும் ஒரு சொல்லால் ஒரு வழக்கு தீர்கிறது. ஒப்பந்தம், தேர்வு வினா, மருந்துப் புட்டியில் ஒட்டியுள்ள குறிப்பு ஆகியவற்றையும் இதே கவனத்துடன்தான் படிக்க வேண்டும். அவற்றைப் பிழையாகப் படித்தால் ஏற்படும் இழப்பு ஓர் ஆட்டத்தோடு முடிந்துவிடாது. எழுதியிருப்பதைப் பொறுமையாகப் படித்து, தமக்குப் பாதகமாக இருப்பினும் அதனை ஒப்புக்கொள்ளும் பழக்கத்தை அட்டை மேசையில் கற்றுக்கொள்பவர், அந்த மேசையைவிட்டு எழுந்த பின்னும் அதனால் பயன்பெறுவார்.